ரிஷப ராசியில் கண்ட கரி

ரிஷப ராசிக்காரருக்கு இந்த வருஷம் கலியாணம் கூடுமா, வழக்கு ஜெயிக்குமா, குருப்பெயர்ச்சியால் உத்தியோகம் உயருமா என்று சொல்லுவதற்குக் கும்பகோணத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கு ஒருவர் இருக்கின்றார். தட்சிணைக்குத் தக்கபடி பலனும் இருக்கின்றது. ஆனால் அந்த ரிஷப ராசி இருக்கும் திக்கிலிருந்தே மெய்யாக ஒரு செய்தி வந்து, அதைச் சில பேர் பல வருஷம் காத்திருந்து கேட்டு, கணக்குப் பார்த்து, சரிதானா என்று திரும்பத் திரும்பச் சோதித்து உலகத்துக்குச் சொல்லியும் இருக்கின்றார்கள் என்பது நம்மவரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைப் பற்றியே இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

கார்த்திகை மார்கழி மாதங்களில் இரவு எட்டு ஒன்பது மணிக்கு வயல் வரப்பில் நின்று கிழக்கே அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு அறுமீன் என்னும் கார்த்திகைக் கொத்தும், அதற்குக் கீழே சிவந்த ரோகிணியும் நன்றாய்த் தெரியும். ரோகிணிக்கு வடக்கே, கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஏறத்தாழ அந்த முஷ்டி அகலத் தூரத்தில், ஒரு மேகம் இருக்கின்றது. வெறுங் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியாது. அது மழை மேகமுமல்ல. நட்சத்திரங்களுக்கு இடையிலே வாயுவும் நுண்ணிய தூசியும் திரண்டு, பின்னாலுள்ள வெளிச்சத்தை மறைத்துக் கொண்டிருக்கும் இருண்ட மேகம். வான சாஸ்திரிகள் அதற்கு ரிஷப மூலக்கூற்று மேகம், ஒன்றாம் எண் என்று பெயரிட்டிருக்கின்றார்கள். அங்கிருந்து வெளிச்சம் நம்மிடம் வந்து சேர ஏறத்தாழ 430 வருஷமாகும். அதாவது இன்று நாம் பிடிக்கும் செய்தி, தஞ்சாவூரை அச்சுதப்ப நாயக்கர் ஆண்ட காலத்தில் அங்கிருந்து கிளம்பியதாகும். ரோகிணியோ 65 வருஷ வெளிச்சத் தூரத்தில்தான் இருக்கின்றது. ஒரே ராசி வீட்டில் குடியிருப்பதாகச் சொல்லப்படும் இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம்! இந்த வீட்டுக்குச் சுவர் எங்கே, கூரை எங்கே என்று ஜோசியர்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்த மேகத்தில் கண்டது என்னவென்றால் கரி. அடுப்புக் கரியைப் போன்ற கட்டியல்ல. கரியணுக்கள் ஆறு ஆறாகக் கைகோத்து வளையமாகி, அவ்வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தேன்கூட்டைப் போலாகிய மூலக்கூறுகள். 2018-இல் ஒற்றை வளையமான பென்சீன் கண்டுபிடிக்கப்பட்டது. 2021-இல் இரட்டை வளையமான நாப்தலீன். நாப்தலீன் என்றால் பயப்பட வேண்டாம். திருபுவனம் பட்டுப் புடவையைப் பெட்டியில் வைக்கும்போது கூடப் போடுகின்றோமே பாச்சை உருண்டை, அதேதான். 2024-இல் நான்கு வளையமும் 16 கரியணுவும் கொண்ட பைரீன். 2025-இல் ஏழு வளையமும் 24 கரியணுவும் கொண்ட கொரோனீன். இவை தனித்து நில்லாமல், ஒவ்வொன்றும் ஓர் ஓரத்தில் கரியும் நைட்ரஜனும் சேர்ந்த சயனைட்டுக் கொத்து ஒன்றை ஒட்டிக் கொண்ட நிலையில் அகப்பட்டன. ஏன் அப்படி என்பதைப் பின்னால் சொல்லுவோம்.

"போய்ப் பார்த்தவன் யார்? 430 வருஷ வெளிச்சத் தூரத்தில் இருப்பதை இங்கிருந்து சொல்லுவதும் ஆரூடந்தானே?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். கேளாமல் நம்புகின்றவனுக்கு, ஆரூடக்காரன் சொன்னாலென்ன, ஆராய்ச்சிக்காரன் சொன்னாலென்ன, இரண்டும் ஒன்றுதான். இந்தக் கேள்வியைச் சாமானியர் மாத்திரம் கேட்கவில்லை. பிரெஞ்சு தேசத்து ஆகஸ்ட் காம்ட் என்பவர், சாஸ்திர அறிவே மனிதனுக்கு வழிகாட்டி என்று வாதாடிய பெரிய அறிவாளி. அவரே 1835-இல், நட்சத்திரங்களின் தூரத்தையும் ஓட்டத்தையும் அறியலாமேயன்றி அவை எந்தப் பொருளாலானவை என்பதை மனிதன் ஒருகாலும் அறிய முடியாது என்று எழுதிவிட்டார். அவர் 1857-இல் காலமானார். இரண்டு மூன்று வருஷத்துக்குள்ளாகவே ஜெர்மனியில் கிர்க்காஃபும் பன்சனும், ஒவ்வொரு மூலப்பொருளும் தனக்கே உரிய நிறக்கோடுகளைக் காட்டுமென்றும், அக்கோடுகளைப் பார்த்தே சூரியனிலிருப்பதைச் சொல்லலாமென்றும் நிரூபித்தார்கள். காம்ட் நம்முடைய பக்கத்து மனிதர்தான். ஆனாலும் அவர் சொன்னது தப்பென்றால் தப்புத்தான். அதற்கு வியாக்கியானம் எழுதிக் காப்பாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை.

அதன் பிறகு 1868-ஆம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி பூரண சூரிய கிரகணம் ஏற்பட்டது. அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூரில், பிரான்சிலிருந்து வந்த ஜான்சென் என்பவர் கருவியோடு காத்திருந்தார். அந்தக் கிரகணத்தில் சூரியனின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு தென்பட்டது. இங்கிலாந்தின் லாக்கியர் அதை ஆராய்ந்து, பூமியில் அதுவரை யாருமே காணாத ஒரு மூலப்பொருள் சூரியனில் இருக்கின்றதென்று சொல்லி, அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார். பரிகசித்தவர்களும் உண்டு. 1895-இல் ராம்சே என்பவர் அதையே பூமியில் ஒரு கனிமத்திலிருந்து பிடித்துக் காட்டினார். 27 வருஷத்துக்கு முன்னமே 9 கோடி மைலுக்கப்பால் இருந்ததைச் சொன்னது பொய்யாகவில்லை. அதே கிரகணத்தன்று தர்ப்பையைப் போட்டு வைத்துவிட்டுக் காவேரியில் கிரகண ஸ்நானம் செய்தவர்களுக்கு என்ன கிடைத்ததென்று நாம் சொல்லத் தேவையில்லை. ஆடி ஆவணி வெள்ளத்தில் நனைந்தால் ஜலதோஷம் கிடைக்கும்.

நிற்க. இருண்ட மேகத்தில் வெளிச்சமே இல்லாதபோது நிறக்கோடு ஏது? இங்கேதான் நம் ஊர்ப் பாத்திரக் கடை உதவுகின்றது. கும்பகோணத்தில் பாத்திரம் வாங்கப் போகின்றவர் கண்ணால் மாத்திரம் பார்த்து வாங்குவதில்லை. விரலால் சுண்டிப் பார்க்கின்றார். பித்தளைக்கு ஓர் ஓசை, வெண்கலத்துக்கு ஓர் ஓசை, விரிசல் விட்டதற்கு வேறோர் ஓசை. பழகிய கடைக்காரர் உள்ளே கணக்கு எழுதிக் கொண்டே, வெளியே சுண்டப்பட்டது எந்தப் பாத்திரமென்று சொல்லிவிடுவார். மூலக்கூறுகளும் அப்படித்தான். வாயுவில் மிதக்கும் மூலக்கூறு பம்பரம்போல் சுழல்கின்றது. ஆனால் பம்பரத்தைப்போல் இஷ்டப்பட்ட வேகத்தில் சுழல முடியாது. படிக்கட்டைப்போல் இந்த வேகம், அடுத்தது அந்த வேகம் என்று வரையறை உண்டு. ஒரு படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது மிச்சமான சக்தியை ரேடியோ அலையாக வெளியே விடுகின்றது. அந்த அலையின் சுருதி, அம்மூலக்கூற்றின் உருவத்தையும் எடையையும் பொறுத்தது. ஒன்றின் சுருதிவரிசை இன்னொன்றுக்கு வராது. ரேடியோ அலைக்குத் தூசி ஒரு திரையல்ல. இருட்டும் ஒரு தடையல்ல.

ஆனால் ஒரு சங்கடம். பென்சீன், பைரீன், கொரோனீன் போன்றவை எல்லாப் பக்கமும் ஒரே சீராய் அமைந்தவை. மின்சாரம் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் இல்லாததால் அவை எவ்வளவு சுழன்றாலும் ரேடியோ ஓசை எழுவதில்லை. நாக்கில்லாத மணியைப்போல என்று வைத்துக் கொள்ளலாம். ஓர் ஓரத்திலுள்ள ஹைட்ரஜனை எடுத்துவிட்டுச் சயனைட்டுக் கொத்தை ஒட்டினால் சீர் குலைந்து, மணிக்கு நாக்குக் கட்டியதுபோல் ஓசை பிறக்கின்றது. ஆகவேதான் ஆராய்ச்சிக்காரர் நாக்குள்ள மணியைக் கேட்டு, நாக்கில்லாத மணிகள் எத்தனை இருக்குமென்று மதிப்பிடுகின்றார்கள். இது மதிப்பீடுதானே, நேரில் கண்டதல்லவே என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை நியாயமானதே. அதற்காகவே, தானாகவே சிறிது ஓசை தரக்கூடிய இண்டீன் என்னும் மூலக்கூற்றைத் தேடி 2021-இல் கண்டு, சயனைட்டு ஒட்டிய இண்டீனையும் கண்டு, இரண்டின் விகிதத்தையும் ஒப்பிட்டு, மதிப்பீட்டுக்கு ஓர் அளவுகோல் செய்து கொண்டார்கள்.

இந்த ஓசையைக் கேட்ட காது அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில், கிரீன் பாங்க் என்னும் இடத்தில் இருக்கின்றது. 100 மீட்டர் அகலமுள்ள கிண்ணம். அதன் பரப்பு 2.3 ஏக்கர். நம் தஞ்சைக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 7 மா நிலத்தைத் தூக்கி நிறுத்தி, வேண்டிய திக்கில் திருப்புகின்றார்கள். வானத்து ஓசை அவ்வளவு மெல்லியதாகையால், மனிதர்களுடைய ரேடியோ இரைச்சல் அங்கே வராதபடி சுற்று வட்டாரத்துக்கே சட்டக் கட்டுப்பாடு இருக்கின்றது. ஸ்பெயினில் யேபெஸ் என்னுமிடத்திலுள்ள 40 மீட்டர்க் கிண்ணமும் அதே மேகத்தைக் கேட்டு வருகின்றது. இண்டீனை இரண்டு இடத்திலும் கேட்டார்கள். பைரீன் விஷயத்தில் காபி வென்ஸல், பிரெட் மெக்குவயர், இல்சா குக் முதலானோர் முதலில் சயனைட்டு ஒட்டிய பைரீனை ஆய்வுக்கூடத்திலேயே தயார் செய்து, அதன் சுருதிகளை அளந்து எழுதி வைத்துக் கொண்டு, அதன் பிறகே அந்தச் சுருதிகள் வானத்திலிருந்து வருகின்றனவா என்று பார்த்தார்கள். வந்ததைக் கேட்டுவிட்டு அதற்குத் தக்கபடி பெயர் வைக்கவில்லை. பலன் நடந்த பிறகு ஜாதகத்தை எடுத்து, முன்னமே எழுதியிருக்கின்றதென்று காட்டும் வித்தைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இன்னொரு சங்கதி நம் மனதை மிகவும் கவர்ந்தது. அதே மேகத்தில், 11 கரியணுக்கள் வரிசையாகக் கோத்து ஓர் ஓரத்தில் ஹைட்ரஜனும் மறு ஓரத்தில் நைட்ரஜனும் உள்ள நீண்ட மூலக்கூறு இருப்பதாக 1997-இல் ஒரு சாரார் வெளியிட்டார்கள். பல வருஷம் அது கணக்கில் சேர்ந்தே இருந்தது. 2016-இல் வேறு சிலர் இன்னும் நுட்பமாகக் கேட்டுவிட்டு, சொன்ன சுருதியில் சொன்ன அளவு ஓசை இல்லையென்று சொல்லிப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அவர்கள் அத்துடன் படுத்துவிடவில்லை. பல சுருதிகளின் மெல்லிய ஓசைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் முறையைச் செப்பனிட்டு, 2021-இல் அதே மூலக்கூறு குறைந்த அளவில் இருக்கத்தான் செய்கின்றதென்று தாங்களே அறிவித்தார்கள். இல்லையென்று சொன்னவர்களே இருக்கின்றதென்றும் சொன்னார்கள். இதில் யாருக்கும் மானம் போகவில்லை. நம் நாட்டில் ஒரு பஞ்சாங்கக்காரர் இன்னொருவரின் கிரகணக் கணக்கைத் தப்பென்று சொன்னால் அது மடத்துச் சண்டையாய் முடிகின்றது. வானத்தையே பார்த்து யார் சரியென்று சொல்லிவிடலாமே என்று நினைப்பவர் குறைவு.

கரி வளையங்கள் இருப்பதில் என்ன ஆச்சரியம் என்று கேட்கலாம். ஆச்சரியம் குளிரில் இருக்கின்றது. இம்மூலக்கூறுகள் நெருப்பின் குழந்தைகள். விறகடுப்பில், சிமினி விளக்கில், அறுவடையான தாளைக் கொளுத்தும் வயலில், எங்கே அரைகுறையாய் எரிகின்றதோ அங்கே புகைக்கரியில் உண்டாகின்றவை. கரி மிகுந்த கிழ நட்சத்திரங்களைச் சுற்றிலும் ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் இவை உண்டாகுமென்பதைப் பலரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் ரிஷப மேகத்தின் உஷ்ணமோ சைபருக்குக் கீழே 263 டிகிரி. மார்கழி விடியலில் போர்வையை இழுத்துக் கொள்ளுகின்றோமே, அதெல்லாம் ஒரு குளிரா? அங்கே மூலக்கூறுகளின் நெருக்கமும் மிகக் குறைவு. நம் வீட்டுக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் இருக்கும் மூலக்கூறுகளை எழுத 25 போட்டு அதன்பின் 18 சைபர் போட வேண்டும். அங்கே அதே இடத்தில் சில பத்தாயிரந்தான். ஒன்றையொன்று சந்திப்பதே அபூர்வம். சூட்டில் பிறந்து வெட்டவெளியைக் கடந்து வந்திருக்குமென்றாலோ, சிறிய வளையங்கள் வழியிலேயே நட்சத்திரங்களின் கடும் ஊதாக்கதிரால் சிதைந்துபோக வேண்டும். அப்படியிருக்க, அந்த மேகத்துக் கரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பைரீனிலேயே இருக்கலாமென்று மதிப்பிடும் அளவுக்கு எப்படி வந்தது? குளிரிலேயே பிறந்ததா?

இதற்கு ஒரு சாட்சி வேறிடத்திலிருந்து கிடைத்தது. ஜப்பானியர் அனுப்பிய ஹயபுசா-2 என்னும் கலம், ரியுகு என்ற சிறு கோளிலிருந்து 5 கிராம் அளவுக்கு மண்ணை 2020 டிசம்பரில் பூமிக்குக் கொண்டு வந்தது. அந்த மண்ணிலும் பைரீன் இருந்தது. கரியணுவில் கனத்த ஜாதி ஒன்று நூற்றுக்கு ஒன்று வீதம் உண்டு. ஒரே மூலக்கூற்றில் இரண்டு கனத்த அணுக்கள் சேர்ந்திருப்பது, எதேச்சையாகச் சேர வேண்டியதைவிட அதிகமாயிருந்தால் அது கடுங்குளிரில் பிறந்ததற்கு அடையாளம். 2023-இல் வெளியான ஆராய்ச்சியில் ரியுகுவின் நாப்தலீனும் பைரீனும் அவ்விதமே இருந்தன. வேறு சில வளையங்கள் சூட்டில் பிறந்ததற்கே அடையாளம் காட்டின. எல்லாம் குளிரில் என்றோ எல்லாம் நெருப்பில் என்றோ ஒரே வாக்கியத்தில் முடிக்க வழியில்லை. முடிக்காமல் விட்டதே அந்த ஆராய்ச்சியின் யோக்கியதை என்போம்.

நம்மவர் பங்கு இதில் என்ன? இலங்கையில் கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்க, ஃப்ரெட் ஹாயிலுடன் சேர்ந்து 1962-இலேயே நட்சத்திரங்களுக்கு நடுவிலுள்ள தூசியில் கரி இருக்க வேண்டுமென்று வாதித்தார். அது வீண்போகவில்லை. பின்னர் அவ்விருவரும் அந்தத் தூசியில் கிருமிகளே இருக்கின்றன என்கின்ற வரைக்கும் போனபோது, சான்று போதாதென்று பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஒரே மனிதர் சொன்னதில் ஒன்றைக் கொண்டு ஒன்றைத் தள்ளுவது அவமரியாதையல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப், ரஜ்னீஷ் குமார் முதலானோர் 2019-இல், காற்றே இல்லாத கலத்துக்குள் சைபருக்குக் கீழே 243 டிகிரிக் குளிரில் நீர்ப்பனி தானாகவே கூண்டாக அமைந்து மீத்தேனைச் சிறைபிடிப்பதையும், 263 டிகிரிக் குளிரில் கரியமிலவாயுவைச் சிறைபிடிப்பதையும் காட்டினார்கள். வான மேகத்தின் குளிரைச் சென்னை வெயிலில் செய்து காட்டியது சாமானியமல்ல. உதகையில் கோவிந்த் ஸ்வரூப் முயற்சியால் 1970-இல் மலைச்சரிவில் எழுந்த 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியும் இருக்கின்றது. ஆனால் அது கேட்கும் சுருதியைவிடப் பல பத்து மடங்கு உயர்ந்த சுருதியில் இம்மூலக்கூறுகள் பேசுவதால் அந்தக் காதுக்கு எட்டாது. அதற்குத் தக்க பெரிய கிண்ணம் ஒன்று நம் நாட்டுக்கு வேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.

இதைப் படித்தவுடன் ஒரு கூட்டம் புறப்படும் என்பது நமக்குத் தெரியும். "பிரளயத்தில் சிருஷ்டி வித்துக்களையும் அமுதத்தையும் அடைத்த கும்பம் மிதந்து வந்து இங்கே தங்கி உடைந்ததென்று தலபுராணம் சொல்லவில்லையா? அந்தக் கும்பந்தான் இந்த மேகம், வித்துத்தான் இந்தக் கரி" என்பார்கள். அப்படியானால் 2018-க்கு முன் அக்கும்பத்தில் பென்சீன் இருக்கின்றதென்று ஒருவராவது சொல்லியிருக்க வேண்டுமே? எத்தனை வளையம், எந்தச் சுருதி என்று எந்தப் பௌராணிகர் குறித்து வைத்தார்? கதையைக் கதையாகச் சொன்னால் நமக்கு வழக்கில்லை. பிறர் கண்விழித்துக் கண்டதைத் தன் பெட்டியில் முன்னமே இருந்ததாகச் சொல்லுவதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. நம் தரப்பிலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரிஷப மேகத்தில் கண்டது உயிரல்ல, உயிரின் வித்துமல்ல. உயிர்ப்பொருள்கள் யாவும் எதனாலானவையோ அந்தக் கரி, சூரியனும் பூமியும் தோன்றுவதற்கு முற்பட்ட நிலையிலேயே இவ்வளவு சிக்கலான உருவம் கொள்ளுகின்றதென்பது மாத்திரமே கண்டது. ஆனால் முகத்தில் பிறந்தவர், காலில் பிறந்தவர் என்று மனிதரைப் பிரித்து எழுதி வைத்தவர்களுடைய உடம்பிலும், அவர்கள் தீண்டக் கூடாதென்று ஒதுக்கிய உடம்பிலும் இருக்கும் கரி ஒரே கரி. அதில் எந்த அணு எந்த அங்கத்தில் பிறந்ததென்று காட்டும் கருவி இன்றுவரை செய்யப்படவில்லை.

"இதனால் குறுவைக்குத் தண்ணீர் வருமா?" என்று கேட்கும் குடியானவத் தோழருக்கும் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் வராது. ஆனால் 1775-இல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற வைத்தியர், புகைபோக்கி துடைக்கும் பையன்களுக்கு வளர்ந்த பிறகு புற்றுநோய் வருவதைக் கண்டு, புகைக்கரியே காரணமென்று சொன்னார். அந்தக் கரிக்குள் எது விஷமென்று பிற்காலத்தார் தேடியபோது அகப்பட்டவை இதே வளையக் குடும்பத்தைச் சேர்ந்தவை. விறகடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்து இருமும் பெண்கள் நம் கிராமங்களில் இன்னும் இருக்கின்றார்கள். அவர்கள் சுவாசிக்கும் புகையில் பைரீனும் அதன் கொடிய உறவினரும் உண்டு. அம்மூலக்கூறுகளைப் பெயர் சொல்லி, அளவு சொல்லி இனங்காணும் வித்தை, வானத்துக்கும் அடுப்படிக்கும் ஒன்றுதான். அடுப்படிக் கரியை விதியென்று சொல்லிப் பழகியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கடைசியாக, நம் ஊராருக்கு ஒரு யோசனை. 2028-இல் மகாமகம் வருகின்றது. குளத்துக்கும் ரஸ்தாவுக்கும் பந்தோபஸ்துக்கும் பணம் ஏராளமாய்ச் செலவாகும். மாசியில் சூரியன் கும்பத்திலும் வியாழன் சிம்மத்திலும் இருப்பதால், இரண்டும் நேரெதிராகி, வியாழன் பொழுது சாயக் கிழக்கே எழுந்து இரவு முழுவதும் தெரியும். அதே மாலை ஏழு மணிக்கு ரிஷபம் மேற்கே உயரத்தில் நிற்கும். முழு நிலவிலும் ரோகிணி மறையாது. குளக்கரையில் பத்துத் தூரதிருஷ்டிக் கண்ணாடிகளை வைத்து, காலேஜுப் பிள்ளைகளை நிறுத்தி, வருகின்ற ஜனங்களுக்கு வியாழனையும் அதன் நான்கு நிலாக்களையும் காட்டட்டும். ரோகிணிக்கு வடக்கே ஒரு முஷ்டி தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத மேகம் இருக்குமிடத்தையும் விரலால் சுட்டட்டும். இதற்கு ஆகும் செலவு, பந்தலுக்குக் கட்டும் தென்னங்கீற்றுச் செலவுக்கு மேல் போகாது. நகரசபையார் முன்வராவிட்டால், பாத்திரக் கடைத் தெருவிலும் பட்டு ஜவுளிக் கடைத் தெருவிலும் தோழர்கள் உண்டியல் குலுக்கினாலே போதும்.